பச்சை பிடித்த கடல்

அத்தியாயம் 4

மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஒன்று மட்டும் நீலமாகிக்கொண்டு வந்தது. டிக்கெட் எடுக்காதவனைப் பின் படிக்கட்டில் பிடித்துவிட்ட பழைய கண்டக்டர் முகத்தோடு செல்லப்பாண்டி தலையை ஆட்டினான்.

"மாட்டிருச்சு, டீச்சர்."

"என்ன மாட்டுச்சு?" என்றார் சாராள்.

"அது தெரியல. ஆனா ஏதோ மாட்டிருச்சு."

பெரியகுளம் மண் பரிசோதனை ஆபீசில் அன்று புதன்கிழமை. எந்த வயலுக்கு என்ன உரம் குறைவு என்று சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் பிச்சைமணியின் வேலை. தண்ணீரைச் சோதிப்பது அவர் வேலை இல்லை. ஆனால் சாராள் டீச்சர் தேனியில் முப்பத்தோரு வருடம் விஞ்ஞானம் நடத்தியவர். பிச்சைமணியின் மனைவியும் அவரிடம் படித்தவள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

ரிட்டயர் ஆன பிறகும் கேள்வி கேட்கும் பழக்கம் டீச்சரை விடவில்லை. கடைவீதியில் இரண்டு திருட்டுகளை அந்தப் பழக்கத்தாலேயே கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்குப் பின் காணாமல் போனது, உடைந்தது, செத்தது எல்லாம் அவர் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தன. செல்லப்பாண்டி கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் வாய் அதிகம் என்று வேலை போனவன். அந்த வாய்க்கு இப்போது டீச்சர் ஒருவர்தான் பயணி.

இந்த முறை வாசலுக்கு வந்தது மீன். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர், பவளம், கடல் சாமந்தி, அதற்குள் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள். தேனியில் இரும்புக்கடை வைத்திருக்கும் பொன்னுராஜின் வீட்டில் ஆறு வருடமாக இருக்கிற தொட்டி அது. அவர் மனைவி சொர்ணலதா தூத்துக்குடிக்காரர். கடல் இல்லாத ஊரில் வாழ்க்கைப்பட்டதால் ஒரு கடலை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டார். தை மாதம் அவர் இறந்துபோனார். பங்குனியில் தொட்டி பச்சையாகிவிட்டது. ஏழு மீனில் ஐந்து செத்தாயிற்று.

வீட்டு வேலை பார்க்கும் பவுனு தொட்டிக்குள் சோப்புக் கையை விட்டுக் கெடுத்துவிட்டாள் என்று மகன் பலவேசம் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது உத்தரவு. திங்கட்கிழமை அவள் டீச்சரிடம் வந்து சொன்னது இரண்டே வரி: "வேலை போனாப் போகுது டீச்சர். அம்மா நம்பி விட்டுட்டுப் போன மீனை நாந்தான் கொன்னேன்னு பேரு நின்னுரும்ல."

பிச்சைமணி நீலக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மணிச்சத்து கொட்டிக் கெடக்கு டீச்சர். இதுல உப்பு மட்டும் இல்லேன்னா ரெண்டு குழி நெல்லு போட்டுரலாம்."

"மணிச்சத்துன்னா?" என்றான் செல்லப்பாண்டி.

"பாஸ்பேட்டுப்பா. வயல்ல கதிர் மணி பிடிக்கிறதுக்குப் போடுறோம். தொட்டியில விழுந்தா பாசிதான் பிடிக்கும். பவளம் மூச்சு முட்டிச் சாகும்."

"எதுலருந்து வரும்?"

"மீனுக்குத் தீனி மிஞ்சினா வரும். சோப்புத் தூள்லயும் உண்டு. சூப்பர் பாஸ்பேட் மூட்டை இருக்கவே இருக்கு. அந்தக் காலத்துல எலும்புத் தூள். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைக் கொடிக்கு இன்னும் அதைத்தான் போடுறாக."

செல்லப்பாண்டி குழாய்களின் அடையாளத்தைப் பார்த்தான். அவனிடம் மிஞ்சிப் போயிருந்த பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்து அவனே ஒட்டியிருந்தான். போடி டிக்கெட் ஒட்டியது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், சுத்தம். கம்பம் டிக்கெட் ஒட்டியது தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரியில் வந்து இன்னும் திறக்காமல் இருந்த கேன் தண்ணீர், அதுவும் சுத்தம். நீலமானது தேனி டிக்கெட் மட்டும்தான். தொட்டி.

"வெளிய இருந்து வர்ற தண்ணியில குத்தம் இல்ல. தொட்டிக்குள்ளதான் எதுவோ உக்காந்திருக்கு," என்றார் சாராள். "பிச்சைமணி, ஒரு சின்னப் பாட்டில்ல ஆசிட் கொஞ்சம் குடுங்க."

"யாரு மேல ஊத்த டீச்சர்?" என்றான் செல்லப்பாண்டி.

"வாய் நிக்கலைன்னா சொல்றேன்."

*

டி.வி.எஸ். 50 டீச்சரின் கணவர் வாங்கியது. அவர் போய் மூன்று வருடமாகிறது. வண்டியின் முன் பையில் அவருடைய கண்ணாடிக்கூடு இன்னும் கிடக்கிறது. ஒரு தடவை செல்லப்பாண்டி அதை எடுத்து வீட்டுக்குள் வைக்கப் போனான். "அது அங்கனயே இருக்கட்டும்," என்றார் டீச்சர். அதற்குப் பின் அந்தப் பையில் வைக்க வேண்டிய ஸ்பேனரை அவன் தன் மடியில் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினான்.

பொன்னுராஜ் வீட்டு ஹாலில் தொட்டிக்குப் பின்னால் சுவர் இருந்தது தெரியவில்லை. அத்தனை பச்சை. காற்று மிஷின் மட்டும் கடகடவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பொன்னுராஜ் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போகிற சட்டை போட்டிருந்தார். கடைக்குப் போகிறவராகத் தெரியவில்லை.

"அவ இருந்தப்ப கண்ணாடி இருக்குறதே தெரியாது," என்றார். "ஈ வந்து முட்டிக்கிட்டு விழும்."

"தீனி யாரு போடுறது?"

"நாந்தான். ரெண்டு சிட்டிகை. மூணாவது சிட்டிகை போட்டா கனவுல வந்து வைவா."

செல்லப்பாண்டி தீனியைப் பட்டியலிலிருந்து அடித்தான். பட்டியல் அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது.

பவுனு அடுப்படியிலிருந்து வந்து தள்ளி நின்றாள். ஐம்பது வயது இருக்கும். டீச்சர் அவள் கையை வாங்கி மோந்து பார்த்தார்.

"பாத்திரம் எதுல விளக்குற?"

"சாம்பலும் புளியுந்தான் டீச்சர். துணிதான் சோப்பு. அதுவும் தொட்டிக்குக் கைய விடுற அன்னைக்குத் துணி தொவைக்க மாட்டேன். அம்மா அப்படித்தான் பழக்கி வச்சாக."

"பாசி மொதல்ல எங்க பிடிச்சுது?"

பவுனு யோசிக்கவே இல்லை. தொட்டியின் இடது மூலையைக் காட்டினாள். "அங்கனதான். மணலு மேல வெல்வெட்டு மாதிரி. அப்புறம்தான் பவளத்துல ஏறுச்சு."

டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை விட்டு அந்த மூலையிலிருந்து ஒரு பிடி மணல் எடுத்தார். பாசியை அலசி, பீங்கான் தட்டில் பரப்பி, ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மணலில் கிடந்த சிப்பித் துண்டுகள் சுர்ரென்று நுரைத்தன. பவளத் துண்டுகளும் நுரைத்தன. வெள்ளையாக நாலைந்து துணுக்குகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தன.

"கல்லா இருக்கும்," என்றான் செல்லப்பாண்டி.

டீச்சர் ஒரு துணுக்கை எடுத்து நகத்தால் உரசினார். மாவாக உதிர்ந்தது. மிச்சத்தைக் கழுவி, தன் கைக்குட்டையில் வைத்து, நான்காக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். தூக்கிப் போடுகிற பொருளை டீச்சர் இப்படி மடிப்பதில்லை என்பது செல்லப்பாண்டிக்குத் தெரியும். என்னவென்று கேட்க வாயெடுத்தான். டீச்சர் பொன்னுராஜின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டான். ஏழு வருட சர்வீசில் செக்கிங் இன்ஸ்பெக்டரால்கூட முடியாத காரியம் அது.

"பவுனு, தண்ணி எப்ப எப்ப மாத்துவ?"

"லாரி வர்ற அன்னைக்கு. மாசத்துக்கு ஒரு தடவை நாலு கேன் பழசை எறைச்சுட்டு, நாலு கேன் புதுசு ஊத்துவேன்." அவள் உள்ளே போய் ஒரு கம்பியைக் கொண்டுவந்தாள். அதில் தினசரி காலண்டர் தாள்கள் குத்தியிருந்தன. பவுனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லாரி வந்த நாளின் தாளைக் கிழித்து, அதில் கரியால் ஒரு மீன் வரைந்து, கம்பியில் குத்தி வைப்பது சொர்ணலதா சொல்லிக் கொடுத்த முறை. அவள் வரைந்த மீன்களில் சில மீன் மாதிரியும் இருந்தன.

செல்லப்பாண்டி டிக்கெட் கட்டு எண்ணுகிற வேகத்தில் புரட்டினான். "தை இருக்கு. பங்குனி இருக்கு. சித்திரை, வைகாசி இருக்கு. மாசியைக் காணோம் டீச்சர்."

"மாசியில லாரிக்காரங்க ஸ்ட்ரைக்கு," என்றாள் பவுனு. "லாரி வரல."

"அப்ப அந்த மாசம் தண்ணி மாத்தலையா?"

"மாத்துனேனே. சின்ன முதலாளி கொண்டாந்தாக. நாலு கேன் தண்ணி, ஒரு செம்பு நெறைய மணலு. மணலை நாந்தான் இந்த மூலையில பரப்புனேன்." சொல்லிவிட்டு அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

பொன்னுராஜ் நாற்காலியில் திரும்பவே இல்லை. மிச்சமிருந்த இரண்டு மீனும் சாமந்திக்குள் ஒளிந்திருந்தன. அவர் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வீரபாண்டியைத் தாண்டும்போது செல்லப்பாண்டி கேஸை முடித்துவிட்டான்.

"மகன்தான் டீச்சர். சின்னமனூர்ல உரக்கடை வச்சிருக்கான். சூப்பர் பாஸ்பேட் மூட்டைக்கு நடுவுல தூங்குறவன். தொட்டி இருக்குற எடத்துல டி.வி. வைக்கணும்னு ஆத்தாக்காரி இருக்கையிலேயே சண்டை. ஒரு செம்பு மணல்ல கால் கிலோ உரத்தைக் கலந்து பவுனு கையிலயே குடுத்திருக்கான். பழியும் அவ தலையில. வெவரமானவன்."

"சூப்பர் பாஸ்பேட் என்ன நெறம்?"

"சாம்பல் நெறம்."

"நான் எடுத்தது?"

"வெள்ளை." வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. "சாயம் போயிருக்கலாம்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

பலவேசம் கடையில் தனியாக இருந்தான். முப்பது வயது, நல்ல உயரம், மொட்டை போட்டு வளர்ந்த முடி இன்னும் சீப்புக்கு அடங்கவில்லை. டீச்சரைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். செல்லப்பாண்டிக்குப் போட்டது உர மூட்டை.

"பவுனுக்காக வந்திருக்கீக. தெரியும் டீச்சர். பாவம் பாத்தா எப்படி? அம்மா வளத்த மீனு. ஒவ்வொண்ணா செத்து மெதக்கையில எங்கய்யா முகத்தை நீங்க பாக்கணும். அஞ்சாவது மீன் செத்த அன்னைக்கு அவரு சாப்பிடலை. ரெண்டு மீன்தான் பாக்கி. அதும் போயிட்டா..."

"சோப்புக் கைய விட்டதை நீ பாத்தியா?"

"பாக்கல. வேற எதுல டீச்சர் கெடும்? அந்தத் தொட்டியில கைய விடுறது அவ ஒருத்திதான்."

செல்லப்பாண்டி தான் உட்கார்ந்திருந்த மூட்டையைத் தட்டினான். "இது என்ன மூட்டை அண்ணாச்சி?"

"யூரியா."

"சூப்பர் பாஸ்பேட்?"

"மாசியில இருந்து ஸ்டாக்கே இல்ல. போன வாரம்தான் வந்துச்சு. ஏன், வேணுமா?"

"இப்போதைக்கு வேண்டாம்," என்றான் செல்லப்பாண்டி. வீரபாண்டியில் முடித்த கேஸ் சின்னமனூரில் மறுபடி திறந்துகொண்டது.

டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் பலவேசம். மாசியில லாரி வரல. நீ கொண்டுவந்த கடல் தண்ணி எந்த ஊருக் கடல்?"

"ராமேஸ்வரம். அம்மா அஸ்தியைக் கரைக்கப் போனேன்ல. எங்கய்யா சொல்லி விட்டாரு. லாரி இல்ல, தொட்டிக்குத் தண்ணி மாத்தணும், அப்படியே நாலு கேன் மொண்டுக்கிட்டு வா, புது மணலும் கொஞ்சம் அள்ளிட்டு வான்னு. ஒரே போக்குல ரெண்டு வேலை."

"எந்த எடத்துல மொண்ட?"

"எந்த எடத்துலன்னா? நான் நின்ன எடத்துலதான். எனக்கு நீச்சல் தெரியாது டீச்சர். இடுப்பளவுத் தண்ணிக்கு மேல போகல. ஐயரு சொன்னாக, செம்பைக் கவுத்துக் கரைச்சுட்டா அப்புறம் திரும்பிப் பாக்கக் கூடாது, கரையைப் பாத்தே வரணும்னு. கேன் தண்ணி மொண்டாகணும். அதனால கரையைப் பாத்தபடியே நின்னு, ஆள்கிட்ட கேனை வாங்கி, முதுகுக்குப் பின்னால கைய விட்டு..."

அவன் கை முதுகுக்குப் பின்னால் போனது. அங்கேயே நின்றது.

கடைக்கு வெளியே ஒரு மாட்டுவண்டி போயிற்று.

"மணலு?" என்றார் டீச்சர். குரலில் கேள்வி இல்லை.

"காலுக்கடியில. குனிஞ்சு, பாக்காமலே அள்ளுனேன். அம்மாவோட செம்பு, அதைக் கடல்ல விட்டுராதேன்னு எங்கய்யா சொல்லியிருந்தாரு. அதுலயேதான்." பலவேசம் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்தான். "அலை என் முதுகுல அடிச்சு கரைப் பக்கம்தான் டீச்சர் வந்துச்சு."

டீச்சர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரிக்கவில்லை. திராட்சைக் கொடிக்குப் போடுகிறதாகப் பிச்சைமணி சொன்ன எலும்புத் தூள் செல்லப்பாண்டிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து நின்றான். யூரியா மூட்டையானாலும் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை.

"எங்கய்யாட்ட சொல்லிராதீக," என்றான் பலவேசம் கடைசியில். "காரியம் குறையாயிருச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு. பவுனு இருந்துக்கிறட்டும். காரணம் எதுவும் சொல்லாம அவளை வேலையில இருக்கச் சொல்லிர்றேன்."

"காரணம் சொல்லாம வச்சுக்கிட்டா அவ பேரு வெளுக்காது. உங்க தெருவுல எல்லாருக்கும் அவ மீனைக் கொன்னவதான்," என்றார் டீச்சர். "நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துக்கிட்டிருக்காத. வண்டியில எடம் இருக்கு."

வண்டியில் இடம் இல்லை. செல்லப்பாண்டி பஸ்ஸில் வந்தான். டிக்கெட் எடுத்தான்.

*

அவன் வந்து சேர்ந்தபோது பலவேசம் சொல்லி முடித்திருந்தான். பொன்னுராஜ் அதே நாற்காலியில் இருந்தார். மேஜைமேல் கைக்குட்டை விரிந்திருந்தது. பவுனு சுவரோடு நின்று முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

அவர் தொட்டியின் இடது மூலையைப் பார்த்தார். பிறகு பேசியபோது குரல் கடையில் ஆணி எடை சொல்கிற குரலாகவே இருந்தது.

"கடல்ல விடச் சொன்னேன். விட்டுருக்கான். அவளுக்குத் தெரிஞ்ச கடல் இதுதான், வந்துட்டா." மகனை ஏறிட்டார். "நீ ஒண்ணும் தப்பாச் செய்யல. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னா பாக்கக் கூடாதுதான்."

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டான்.

"பவுனு."

"முதலாளி."

"இத்தனை மாசமா எறைச்ச பழைய தண்ணிய எங்க ஊத்துன?"

"பின்னால வாய்க்கால்ல," என்றாள்.

"வாய்க்கால் ஆத்துல விழுது, ஆறு வைகையில விழுது," என்றான் செல்லப்பாண்டி. எத்தனையோ வருடமாக அவன் வாயிலிருந்து வந்த உருப்படியான முதல் வார்த்தை அதுதான். "வைகை ராமநாதபுரம் போகுது. அங்கருந்து ராமேஸ்வரம் பக்கம்தான் முதலாளி. நடுவுல ரெண்டு கண்மாயில நின்னு போகும், அவ்வளவுதான்."

பொன்னுராஜ் அதை யோசித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். டீச்சரிடம் திரும்பினார். "இந்த ரெண்டு மீனும் பொழைக்குமா?"

"பொழைக்கும். ஆனா ஒரே நாள்ல பூராத் தண்ணியும் மாத்தினா தாங்காது. மாசம் கால் பங்கு தண்ணிய மாத்தி, அந்த மூலையில ஒரு செம்பு மணலையும் எடுத்துரணும். பாசியை வாரத்துக்கு ரெண்டு நாள் கையால பிடுங்கணும். அவசரப்படாம செஞ்சா தை மாசத்துக்குள்ள தெளிஞ்சிரும்."

"தை மாசம் தலைத்திவசம்."

"ஆமா."

"அப்ப அவசரப்பட வேண்டாம்," என்றார் பொன்னுராஜ். "பாசி பிடுங்குறது யாரு?"

பலவேசம் எழுந்து போய் பவுனு முன்னால் நின்றான். "நீதான் செய்யணும் பவுனக்கா. தெருவுல நானே சொல்றேன். என் கையால வந்த வினைன்னு சொல்றேன்." அக்கா என்று அவன் அவளைக் கூப்பிட்டதை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

பவுனு முந்தானையை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டாள்.

*

ஆனி மாதத்து லாரி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. டிரைவர் ஒச்சாண்டி நாலு கேனை இறக்கி வைத்துவிட்டு, எப்போதும்போல் காலி கேன்களை எடுத்துப் போக வந்தவன், ஒன்றைத் தூக்கப் பார்த்து அப்படியே கீழே வைத்தான்.

"என்னய்யா, திரும்பிப் போற கேன் கனக்குது? இங்கருந்து தூத்துக்குடிக்கு உப்புத் தண்ணியா கொண்டு போகணும்? கடல்ல என்ன தண்ணி கொறைஞ்சா போச்சு?"

பொன்னுராஜ் வாசலில் நின்றார். கேனில் இருப்பதைக் கடலில் விடச் சொல்லி மனைவியின் தம்பிக்கு அவர் எழுதிய கடிதம் ஒச்சாண்டியின் சட்டைப் பையில் இருந்தது.

செல்லப்பாண்டி மடியிலிருந்து மிச்சமிருந்த டிக்கெட் கட்டை எடுத்தான். நான்கு டிக்கெட்டைக் கிழித்து, சோற்றுப் பருக்கை வைத்து, ஒவ்வொரு கேனின் மூடியிலும் ஒன்றாக ஒட்டினான்.

"பிறந்த வீட்டுக்குப் போற டிக்கெட்டு," என்றான். "பள்ளம் பாத்து ஓட்டுய்யா."